யாரும் ஒட்டாத இடம்

12 பிப்ரவரி 2025, புதன்

நேற்று தைப்பூசம். வேலை செய்கிற வடைக்கடையில் நிற்க இடமில்லை. காலை ஐந்து மணியிலிருந்து உளுந்து ஆட்டி ஆட்டித் தோள்பட்டை இன்னும் இறங்கவில்லை. காவடி பார்க்கப் போகவில்லை. இந்த வருஷம் முழுக்க எனக்குக் கோயில் கிடையாது. இருந்தால் மட்டும் போயிருப்பேனா, அதுவும் தெரியவில்லை.

வேலை முடிந்து வந்து பின்பக்கப் படியில்தான் ஏறினேன். ஆறு மாடி. லிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் மூன்றாம் தூணையும் நாலாம் தூணையும் தாண்ட வேண்டும். போன செப்டம்பரில் அந்த இரண்டு தூணுக்கும் நடுவில்தான் என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்தோம். ஒரு ராத்திரியும் மறுநாள் பகல் இரண்டு மணி வரைக்கும். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

2 மார்ச், ஞாயிறு

சுசீலா வந்திருந்தாள். நாலாம் மாடி. கேட்க ஆள் இல்லையென்றால் சுவரோடு பேசுவாள். லிஃப்டு பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம், நாலு மொழியிலும். கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் இடம் ஒன்று அமைக்கப் போகிறார்களாம். புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. தொட்டு, ஊற்றி, உருட்டி, இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது. அது எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே குடியிருக்கிறவர்களையே கேட்டு வரைவார்களாம்.

"நம்மளக் கேட்டு என்னத்தக் கட்டப் போறாங்க? நீயும் நானும் என்ன சயன்ஸ் படிச்சோம்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும். சாப்பிட பீஹூன் சேமியா தர்றாங்களாம். ஒன்பதாம் தேதி வந்து உக்காரு. வீட்டுக்குள்ளயே கெடந்து என்ன பண்ணப் போற?"

9 மார்ச், ஞாயிறு

போனேன். இம்ரான் தம்பி நேரில் வந்து கூப்பிட்டார். எங்கள் புளோக் குடியிருப்பாளர் குழுவுக்கு அவர்தான் தலைவர். "தமிழ் பேசற பெரியவங்க யாருமே பேர் குடுக்கலக்கா. நீங்க வந்தா இன்னும் நாலு பேர் வருவாங்க" என்றார். பொய்தான். நான் வந்து உட்கார்ந்தால் இருக்கிற நாலு பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். கார் நிறுத்துகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். தபால் பெட்டிகள் இருக்கிற கோடியில் மேசை போட்டிருந்தார்கள். பிழைத்தேன்.

ஃபாரம் ஒன்று கொடுத்தார்கள். படிப்பு என்ற இடத்தில் நாலாவது என்று எழுதினேன்.

வரைகிற குழுவிலிருந்து வர்ஷா என்று ஒரு பெண். இருபத்தேழு வயது இருக்கும். தமிழில் நன்றாகத் தொடங்குகிறாள், பாதி வழியில் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். தினமும் உங்கள் கையால் செய்கிற வேலை என்ன, அதில் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? இரண்டாம் மாடி டான் அங்கிள் முன்னே சைக்கிள் கடை வைத்திருந்தவர். செயினையும் பல்சக்கரத்தையும் பற்றிச் சொன்னார். என்னிடம் வந்தாள்.

"தேக்கா பக்கம் வடைக்கடையில உளுந்து ஆட்டுவேன்."

"போதும்னு எப்படி ஆண்ட்டி தெரியும்? டைம் வச்சிருப்பீங்களா?"

"டைம் எதுக்கு? ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில போடுவேன். மூழ்கினா இன்னும் ஆட்டணும். மிதந்தா போதும்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதே மாவா? அதே மாவு மொதல்ல மூழ்கி, அப்புறம் மிதக்குமா?" என்று கேட்டாள். இதில் என்ன அதிசயம்? இருந்தாலும் யாரோ என்னிடம் ஒன்று கேட்டு நான் பதில் சொன்னது நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதமாக எல்லாரும் சாப்பிட்டீங்களா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

பிறகு கீழ்த்தளம் முழுவதையும் வரைந்த பெரிய தாளை விரித்தார்கள். ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர், மூன்று சிவப்பு. பச்சை ஒட்டினால் பிள்ளைகள் இங்கே விளையாடலாம். சிவப்பு என்றால் வேண்டாம். கல் மேசையில் செஸ் ஆடுகிற கிழவர்கள் தங்கள் மேசை மேல் சிவப்பாக ஒட்டித் தள்ளினார்கள். மேசையே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். சுசீலா தன் துணி காயப்போடுகிற கம்பத்துக்குச் சிவப்பு ஒட்டினாள்.

மூன்றாம் தூணுக்கும் நாலாம் தூணுக்கும் நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. டான் அங்கிளின் கை அது வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ஒரு சீனக் கிழவி விரலை இழுத்துக்கொண்டு "பந்தாங், பந்தாங்" என்று முணுமுணுத்தாள். ஆகாது என்கிறாள். நமக்கும் அப்படித்தானே. நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில் சாவுப் பேச்சை எடுக்கக் கூடாது. அதுவும் புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் எடுக்கலாமா?

என் ஆறு ஸ்டிக்கரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

10 மார்ச், திங்கள்

ஸ்டிக்கர்களைக் குப்பையில் போட்டேன்.

23 மார்ச், ஞாயிறு

டான் அங்கிள் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். இனி மருந்து இல்லை, வலிக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். நர்ஸ் வாரம் இரண்டு தடவை வருகிறாள். கொஞ்சம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

வாசல்வரை வந்து அங்கிள் மலாயில் கேட்டார். உன் வீட்டுக்காரருக்குக் கீழே கேன்வாஸ் பந்தல் கட்டினவர்கள் யார், நம்பர் இருக்கிறதா என்று. அவளுடைய தங்கச்சி எதிர் புளோக்கில் சக்கர நாற்காலியில் இருக்கிறாளாம். தூரத்தில் எங்கேயாவது வைத்தால் தங்கச்சியால் வர முடியாது, கீழே வைத்தால் ரோட்டைத் தாண்டினால் போதும் என்றார்.

நம்பரைத் தேடி எழுதிக் கொடுத்தேன். என் பீரோவில் அவருடைய சட்டைகளுக்கு அடியில்தான் இருந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

இரண்டாவது கூட்டம். இதை உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

வர்ஷா திரையில் படம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. சைக்கிள் செயின் ஒரு சுவரில். உளுந்து மாவுக்குக்கூட ஒரு மூலை. நடுவில் பெரிய தண்ணீர் மேசை, எட்டடி நீளம், தரையோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டது. பிள்ளைகளைவிட உயரமாக ஒரு சக்கரம். தண்ணீர் மேலிருந்து விழுந்து அதைச் சுற்றும்.

அது நிற்கிற இடம் மூன்றாம் தூணுக்கும் நாலாம் தூணுக்கும் நடுவில்.

"இங்க யாருமே ஸ்டிக்கர் ஒட்டல. சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. ஸோ, இது யாரும் யூஸ் பண்ணாத இடம்னு எடுத்துக்கிட்டோம். தண்ணிக் குழாயும் பக்கத்துலயே இருக்கு. பெர்ஃபெக்ட். யாருக்காவது அப்ஜெக்‌ஷன் இருக்கா?"

இம்ரான் தம்பி கைபேசியைப் பார்த்தார். கிழவர்கள் தங்கள் மேசை பிழைத்ததா என்று மட்டும் பார்த்தார்கள். சுசீலா என் காதில் "பீஹூன்ல உப்பே இல்ல" என்றாள். டான் அங்கிள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

நானும் பேசவில்லை. பயம் இல்லை எனக்கு. சந்தோஷம். அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த இடத்தை மேசை போட்டு மூடிவிடுவார்கள், அங்கே தண்ணீர் ஓடும், பிள்ளைகள் கத்தும், இனி அந்தத் தரையை நான் பார்க்க வேண்டியதில்லை, அங்கே இன்னொருத்தரைக் கிடத்தவே மாட்டார்கள் — இப்படித்தான் நினைத்தேன். டான் அங்கிள் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே நினைத்தேன்.

7 ஏப்ரல், திங்கள்

தூக்கம் சரியில்லை. வடை கருகிவிட்டது. கடை முதலாளி பரமசிவம் அண்ணன் எதுவும் சொல்லாமல் கொட்டிவிட்டு வேறு போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

13 ஏப்ரல், ஞாயிறு

செங்காங் போய் வந்தேன். மகன் அருண்ராஜ் வந்து கூட்டிப்போனான். அவன் வீடு புது வீடு, பதினான்காம் மாடி. கீழே வெற்று இடமே இல்லை. செடி, நடைபாதை, சைக்கிள் நிறுத்துகிற இடம்.

சாப்பிடும்போது கேட்டேன், "இங்க சாவு வந்தா எங்கடா வைப்பாங்க?"

"பக்கத்துல பெவிலியன் இருக்கும்மா, புக் பண்ணணும். ஏம்மா சாப்பிடறப்ப இதக் கேக்கறீங்க?"

எங்கள் புளோக்கில் போடப் போகிற தண்ணீர் மேசையைச் சொன்னேன். "விடுங்கம்மா, அது நம்ம வேல இல்ல. நீங்க இங்கயே வந்துடுங்க" என்றான். எதைச் சொன்னாலும் கடைசியில் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான். நல்ல பிள்ளைதான்.

திரும்பி ரயிலில் வரும்போது அந்த ராத்திரியைத்தான் நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்ததை. எட்டாம் மாடிக் கண் தெரியாத அம்மாள் லிஃப்டில் இறங்கி வந்து சுவரைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் வீட்டுச் செருப்போடு வந்தார்கள், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். டான் அங்கிள் அரை மணிக்கு ஒரு தரம் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் மேலே போவார். மறுபடி வருவார். மண்டாய்ச் சுடுகாட்டில் ஒரு ஹாலில் வைத்திருந்தால் இவர்களில் யார் வந்திருப்பார்கள்? நான் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

இப்போது டான் அங்கிளுக்கு யார் வெந்நீர் வைப்பது, எங்கே வைப்பது?

22 ஏப்ரல், செவ்வாய்

சுசீலாவிடம் கேட்டுவிட்டேன்.

"அந்த எடம் என்ன எடம்னு ஒனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"நீ தொறந்தியா?"

"இல்ல."

"பின்ன? சாவு எடுக்கற எடம்னு சொல்லிட்டா எந்தத் தாய் தன் பிள்ளைய அங்க அனுப்புவா? மொத்தமா நின்னு போயிடும். அப்புறம் நம்மதான் கெடுத்தோம்னு பேசுவாங்க. நமக்கு எதுக்கு?"

"டான் அங்கிள்?"

துணி மடிக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

இம்ரான் தம்பிக்கு போன் போட நினைத்தேன். எடுத்தேன். வைத்துவிட்டேன். எதைச் சொல்லித் தொடங்குவது?

18 மே, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று அட்டையில் எல்லாவற்றையும் முழு அளவில் செய்து கீழே வைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்க்கிற நாள். என்னை மாவு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு டப்பா கொண்டுபோனேன். ஒன்று அரைகுறையாக ஆட்டியது, ஒன்று நன்றாக ஆட்டியது. தபால் பெட்டிப் பக்கம் என் மேசை. பிள்ளைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் போட்டார்கள். ஒன்று மூழ்கியது, ஒன்று மிதந்தது. மூன்றாம் மாடி நிரஞ்சனாவின் மகள் ரக்ஷனா, ஏழு வயது, முழங்கைவரை மாவு. "உள்ள காத்து இருக்கு, அதான் மிதக்குது. ஆனா காத்து எப்படி ஆண்ட்டி உள்ள போச்சு?" என்று கேட்டாள். கல் சுற்றும்போது போகிறது போல என்றேன். "அப்ப நான் கையால சுத்தினா போகுமா?" உட்கார்ந்து சுற்றவே ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாகிவிட்டது.

அப்போதுதான் இரண்டு பையன்கள் மஞ்சள் டேப் கொண்டுவந்து தரையில் ஒட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் மேசைக்கு அளவு. அந்த இடத்தைச் சுற்றி. டான் அங்கிள் தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது பக்கமும் ஒட்டினார்கள்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. மாவுக் கையோடு போய் நடுவில் நின்றுவிட்டேன்.

"தம்பி, டேப்ப எடுங்க." மறுபடி சொன்னேன். வர்ஷா ஓடிவந்தாள்.

"இது சும்மா கெடக்கற எடம் இல்ல வர்ஷா. இங்கதான் எங்க வீட்டுக்காரர வச்சிருந்தோம். தல அந்தத் தூண் பக்கம். இந்த புளோக்ல யாரு போனாலும் இங்கதான் வைப்போம். சீனவங்க, நாங்க, எல்லாரும். அதுமேல நாங்க ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம். எந்தக் கலரும் ஒட்ட மாட்டோம். நீ இங்க கான்கிரீட் போட்டா அடுத்த ஆள எங்கம்மா வைப்போம்?"

பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். வர்ஷாவின் முகம் வெளுத்துவிட்டது.

டான் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார். எழுந்து நின்று ஐந்து விரலைக் காட்டினார். "லீமா ஹாரி" என்றார். ஐந்து நாள். மனைவியை ஐந்து நாள் வைக்க வேண்டும் என்கிறார்.

நிரஞ்சனா வந்து மகளின் கையைத் தண்ணீரில் கழுவி, "வா, வீட்டுக்குப் போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் ஐந்தாறு தாய்மார்கள். பத்து நிமிஷத்தில் இடம் காலி. அட்டைச் சக்கரம் மட்டும் நின்றது.

இம்ரான் தம்பி மெல்ல, "அக்கா... இதை இப்பவா சொல்றது?" என்றார்.

"பின்ன எப்ப தம்பி சொல்றது? கான்கிரீட் காஞ்சப்புறமா? ஒங்களுக்கும் தெரியும்ல?"

தலையைக் குனிந்துகொண்டார். "வேற யாராவது சொல்லுவாங்கன்னு இருந்தேன்கா."

அப்புறம்தான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. சாதாரண சிமெண்டுத் தரை. ஒன்றும் இல்லை அங்கே. ஒரு கீறல்கூட இல்லை. படிப் பக்கம் போகாமல் லிஃப்டிலேயே வந்துவிட்டேன்.

19 மே, திங்கள்

சுசீலா என்னைப் பார்த்ததும் லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

1 ஜூன், ஞாயிறு

பள்ளி விடுமுறை. கீழே ஒன்றும் நடக்கவில்லை. அட்டைகளை எடுத்துப் போய்விட்டார்கள். மஞ்சள் டேப் கொஞ்சம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குள் கைபேசியோடு கிடக்கிறார்கள். மாவாட்டுகிற கிழவிக்குப் பிள்ளைகள் விளையாடுவது பொறுக்கவில்லை என்று மூன்றாம் மாடியில் பேச்சாம். சொன்னது வேறு யார், சுசீலாதான். கோபத்தில் இருந்தாலும் செய்தி சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ? இல்லை. தெரியவில்லை.

14 ஜூன், சனி

வர்ஷா கடைக்கே வந்துவிட்டாள். மதியம் மூன்று மணி, கூட்டம் இல்லை. தே தாரே டீ வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். குடிக்கவில்லை.

"ஸாரி ஆண்ட்டி. நான் காத்தோங்ல வளர்ந்தவ. எங்க காண்டோ ஃபிளாட் கீழ ஸ்விம்மிங் பூல்தான். யாராச்சும் செத்துட்டா எங்க வைப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. ஒட்டாத இடம்னா காலி இடம்னு நெனச்சிட்டேன்."

"நாங்கதான சொல்லல."

"இப்பச் சொல்லுங்க. எவ்வளவு இடம் வேணும்? லாரி எந்தப் பக்கம் வரும்? நாற்காலி எத்தன?"

சிரிப்பதா அழுவதா. ஒரு பெண் வந்து உன் புருஷனைக் கிடத்தின இடத்துக்கு அளவு சொல்லு என்கிறாள். கேட்கிறாளே என்றும் இருந்தது. ஆர்டர் எழுதுகிற தாளின் பின்பக்கம் வரைந்தேன். தலை தெற்கே, தலைமாட்டில் விளக்கு. பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் நாற்காலி அந்தப் பக்கம். கார் நிறுத்துகிற பக்கத்திலிருந்து வண்டி பின்னால் வரும். தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டும். வெயில் மேற்கே அடிக்கும், அங்கே கேன்வாஸ் இறக்க வேண்டும். எனக்கே தெரியாமல் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சது எங்க சாவு மட்டும்தான். சீனவங்களுக்கு இன்னும் நெறைய எடம் வேணும், வட்ட மேசையெல்லாம் போடுவாங்க. டான் அங்கிளக் கேளு. மலாய்க்காரங்க அங்க கல்யாணம் வைப்பாங்க, அவங்களையும் கேளு. எல்லாரையும் ஒண்ணா உக்காரவச்சுக் கேக்காத. வீடு வீடாப் போ. ஒண்ணா இருந்தா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

அதை எழுதிக்கொண்டாள்.

பரமசிவம் அண்ணன் கல்லாவிலிருந்து, "என்ன பூவம்மா, பிளான் போடற அளவுக்குப் பெரியாளாயிட்ட. வெங்காயம் யாரு வெட்டறது?" என்றார்.

"இதோ வந்துட்டேண்ணே."

20 ஜூலை, ஞாயிறு

வர்ஷா இருபத்தாறு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் இன்றைக்குக் கூட்டம்.

தரையோடு எதுவும் கட்டப் போவதில்லை. எல்லா மேசைக்கும் சக்கரம், சாவி போட்டுப் பூட்டுகிற பிரேக். தேவைப்படுகிற அன்று தபால் பெட்டிப் பக்கம் தள்ளிவிட்டு நடு இடத்தை விட்டுவிடலாம். ஆனால் பெரிய தண்ணீர் மேசை கிடையாது. தண்ணீரோடு அதை நகர்த்த முடியாது. அதற்குப் பதில் சின்னச் சின்னத் தொட்டி நாலு. உயரச் சக்கரமும் போச்சு. அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. ரொம்ப ஆசையாக வரைந்தது போலிருக்கிறது.

"யாரு தள்றது? சாவி யாருகிட்ட இருக்கறது?" என்று இம்ரான் தம்பி கேட்டார்.

சுசீலா எழுந்தாள். "பூவம்மாதான இழுத்துவிட்டுச்சு. பூவம்மாவே தள்ளட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சரி என்றேன். "தனியா தள்ள முடியாது, நீயும் வந்து பிடி" என்றேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களுக்குள் மறுபடி பேச்சு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிரஞ்சனா மட்டும் கையைத் தூக்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க ஆண்ட்டி. பிள்ளைங்க பயப்படுவாங்க. ராத்திரி தூங்க மாட்டாங்க."

"கல்யாணமும் அங்கதானம்மா நடக்குது" என்றார் இம்ரான் தம்பி. அவள் சமாதானம் ஆகவில்லை. அவள் சொல்வதும் சரிதானே?

14 செப்டம்பர், ஞாயிறு

அவருக்கு வருஷம் திரும்பியது. ஐயர் வந்து செய்துவைத்தார். அருண்ராஜ் எண்ணெய் தேய்க்காத தலையோடு உட்கார்ந்திருந்தபோது அவரையே பார்த்த மாதிரி இருந்தது. இனிக் கோயிலுக்குப் போகலாமாம்.

போகத் தோன்றவில்லை. களைப்பாக இருக்கிறது.

8 நவம்பர், சனி

கீழே திறந்தார்கள். ரிப்பன் வெட்டவில்லை, மேளம் இல்லை. மேசைகளைத் தள்ளிவைத்தோம், தொட்டிகளில் தண்ணீர் ஊற்றினோம். பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். செஸ் கிழவர்களில் ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கு முறை தரவில்லை.

ரக்ஷனா வரவில்லை. லிஃப்டு பக்கத்தில் அம்மாவோடு நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

எதிர் புளோக்கிலிருந்து ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்து, "நோட்டீஸ் படத்துல பெரிய சக்கரம் இருந்துச்சே, எங்க?" என்று கேட்டது.

"அது வரல கண்ணு. என்னாலதான்."

ஏன் என்று கேட்கவில்லை. தொட்டிக்குப் போய்விட்டது.

13 டிசம்பர், சனி

சனிக்கிழமை தோறும் மாவு கொண்டுபோகிறேன். இன்று ரக்ஷனா வந்தாள். நிரஞ்சனா தூணில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம், அவ்வளவுதான்.

டான் அங்கிளின் மனைவி டாக்டர் சொன்ன நாளையெல்லாம் தாண்டி இருக்கிறது. இப்போது கஞ்சியும் இறங்கவில்லை.

17 ஜனவரி 2026, சனி

காலை ஏழு மணிக்கு டான் அங்கிள் கதவைத் தட்டினார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினேன்.

பிரேக்கை எடுத்துவிட்டேன். தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக எடுத்துக் கொட்ட வேண்டியிருந்தது. இம்ரான் தம்பி வந்தார். சுசீலா நைட்டியோடு வந்து "இடுப்பு போச்சு, இடுப்பு போச்சு" என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். கடைசி மேசையின் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது. யாரோ மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் நிரஞ்சனா. சனிக்கிழமையும் வேலை போல, ஆபீஸ் உடுப்பில் இருந்தாள். தூக்கி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கேன்வாஸ்காரர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள்.

20 ஜனவரி, செவ்வாய்

நாலாம் நாள். அந்த அம்மாளின் தங்கச்சி தினமும் வருகிறார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பணிப்பெண் ரோட்டைத் தாண்டுகிறாள், பெட்டி பக்கத்தில் நிறுத்துகிறாள், இருட்டும்வரை அங்கேயேதான் இருக்கிறார். சுசீலா செத்தவருக்கு எரிக்கிற தங்கக் காகிதம் மடிக்கக் கற்றுக்கொண்டாள். எல்லாருடையதும் படகு மாதிரி இருக்கிறது, அவளுடையது கொழுக்கட்டை. அதையும் சேர்த்துத்தான் எரிப்பார்களாம்.

நான் வேலை முடிந்து வந்து வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன்.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தபால் பெட்டிப் பக்கம் ஒதுக்கி வைத்திருந்த மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போங்க என்று சைகை காட்டினேன். டான் அங்கிளின் மகனும் முகம் சுளித்தார். அங்கிள்தான் "தாக் அப்பா லா" என்று கையசைத்தார். பரவாயில்லை, அவளுக்குச் சத்தம் பிடிக்கும் என்றார். ஒரு தொட்டிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சத்தம் இல்லாமல்தான் விளையாடினார்கள், பிள்ளைகளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

நிரஞ்சனா பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரக்ஷனா ஈரக் கையோடு வந்து என்னைக் கேட்டாள், "ஆண்ட்டி, டான் ஆண்ட்டி அந்தப் பெட்டிக்குள்ளயா இருக்காங்க?"

நான் நிரஞ்சனாவைப் பார்த்தேன். நான் என்ன சொல்வது?

"ஆமா" என்றாள் நிரஞ்சனா. "நாளைக்குப் போறாங்க. கையத் தொடச்சிட்டு வந்து கும்பிட்டுக்கோ."

பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கும்பிட்டாள். திரும்பித் தொட்டிக்கு ஓடினாள்.

நாளை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். பரமசிவம் அண்ணனிடம் லீவு சொல்லிவிட்டேன். தரையைக் கழுவி, காய்ந்ததும் மேசைகளைத் தள்ளி, நாலு தொட்டியும் நிரப்ப வேண்டும். இரண்டு மணிக்குப் பள்ளி விட்டுவிடும்.